பாகன் இல்லாத யானை

கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் எசல பெரஹராவைக் கண்டவர்கள், அணி பூண்டு அசைந்து வரும் யானை வரிசையை எளிதில் மறப்பதில்லை. யானையைக் காணும் கண்கள் அதன் அருகே நடந்து வரும் பாகனைப் பெரும்பாலும் காண்பதில்லை. அவனோ, அந்தப் பெரிய உயிர் அறிந்த சில சொற்களையும், அதற்குப் பழகிய சில தொடுகைகளையும் கற்று வைத்திருப்பவன். யானை முன்னே செல்லட்டும் என்று ஊர்வலம் நடத்துவோர் கட்டளையிடுவர். அக்கட்டளையை யானைக்குப் புரியும் சொல்லாக மாற்றுபவன் பாகன். அவன் ஒருநாள் எவருக்கும் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டான் என்று கொள்வோம். யானைக்கு நோயில்லை, அதன் வலிமையும் குன்றவில்லை. ஆயினும் அது கட்டுத்தறியிலேயே நிற்கும்.

கணினிகளினுள்ளும் இத்தகைய பாகர் உளர். கணினியை ஆளும் அடிப்படை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று இலங்கையின் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன. திரை, தொடுகை, ஒலி, மின்கலம், வைஃபை முதலிய உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழி உண்டு. முறைமை இடும் கட்டளையை அந்தந்த உறுப்பின் மொழிக்கு மாற்றித் தரும் சிறு நிரலை ஆங்கிலத்தில் 'டிரைவர்' என்பர். தமிழில் 'இயக்கி' என்று வழங்குகின்றனர். 'சாரதி' என்றாலும் தவறில்லை. 'பாகன்' என்பது இன்னும் பொருந்தும்.

இந்தப் பாகர்களைப் பற்றிக் கண்டியில் இருப்பவர்கள் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் கைத்தொலைபேசி வழியாகவும், மக்கள் 'டெப்' என்று சுருக்கி வழங்கும் பலகைக் கணினி வழியாகவும் வரலாயிற்று. நகரத்தவர் மட்டுமன்றி, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய மலைச்சாரல்களில் கொழுந்து பறித்து வாழும் குடும்பத்தினரும் கடன்பட்டேனும் ஒன்றை வாங்க வேண்டிய நிலை உண்டாயிற்று. அடுத்து வந்தது 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி எதையும் இரண்டாம் முறை வாங்குவது ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று.

வாங்கிய கருவிகளோ மெல்ல மெல்ல வாயடைக்கலாயின. அவற்றின் கண்ணாடி உடையவில்லை. மின்கலமும் இயன்றவரை உழைக்கிறது. மலிவான பலகைக் கணினிகளுக்கு உற்பத்தியாளர் புதிய பதிப்புகளைச் சில காலமே அனுப்புவர்; பலவற்றுக்கு ஒன்றுகூட வருவதில்லை. இணையத்தின் பாதுகாப்பு முறைகள் மாறும். பாடம் நடத்தும் செயலிகள், 'உமது முறைமை பழையது' என்று மறுத்துவிடும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்தில் மும்மொழிப் பாடங்களும் இருக்கின்றன. பழைய கருவியில் அத்தளத்தைத் திறக்க முயலும் பிள்ளை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. அக்கருவி இன்னும் நான்கைந்து ஆண்டு உழைக்கக்கூடியது, அலுமாரியில் கிடக்கிறது.

வேறொரு பணிசெயல் முறைமையை, குறிப்பாக யாவரும் இலவசமாகப் பெறக்கூடிய லினக்ஸை, அதில் நிறுவிவிடலாமே என்று எண்ணுவது இயல்பு. மேசைக் கணினியில் அது எளிய காரியந்தான். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, 'ஹந்தானா லினக்ஸ்' என்றொரு முறைமையே இலங்கையரால் ஆக்கப்பட்டு, 2010-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வெளிவந்தது. ஃபெடோரா என்னும் முறைமையை அடிப்படையாகக் கொண்டு, கல்விக்கும் அலுவலுக்கும் வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து ஒரே இறுவட்டில் அது வழங்கப்பட்டது. அவ்விறுவட்டைப் பெரும்பாலான மேசைக் கணினிகளில் இட்டால், கணினி தானே விழித்தெழுந்து, திரையைக் கண்டது, விசைப்பலகையைக் கண்டது, ஒலியையும் கண்டது. அதே வட்டில் உள்ளதைப் பலகைக் கணினியில் ஏற்ற முயன்றால் ஒன்றும் நிகழாது.

இந்த வேறுபாட்டின் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும். முழுச் சிக்கலும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணினியைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஒரே மாதிரியான இயந்திரங்களைச் செய்தமையால், அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உருவாயிற்று. 1992-இல் வந்த 'பி.சி.ஐ.' என்னும் இணைப்பு முறை அவ்வொழுங்கை மேலும் உறுதிப்படுத்தியது. அதன்படி ஒவ்வோர் உறுப்பும், 'என்னைச் செய்தவர் இன்னார், என் எண் இன்னது' என்று கேட்டவுடன் சொல்லியாக வேண்டும். எந்த முறைமை புதிதாக வந்தாலும், வரிசையாகப் பெயர் கேட்டு, உரிய பாகனை அனுப்பிவிடும்.

பலகைக் கணினிகளில் பெரும்பாலானவை கைத்தொலைபேசியின் குலத்தில் பிறந்தவை. அவற்றின் உறுப்புகளுள் பல 'ஐ-டூ-சி' என்னும் இரு கம்பித் தொடர்பால் இணைக்கப்பட்டுள்ளன. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றுக்காக அமைத்த சிக்கனமான முறை அது. அதில் உறுப்புகளுக்கு வீட்டு இலக்கம் உண்டு. பெயர்ப் பலகை இல்லை. கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருப்பது தெரியும். அவர் யாரென்று தெரியாது. தொடுதிரையின் சில்லா, மின்கலத்தைக் கண்காணிக்கும் சில்லா, சாய்வை உணரும் சில்லா என்று எவ்வாறு அறிவது? உற்பத்தியாளர் அறிவார். அவர் தம் தொழிற்சாலையில் அந்த ஒரு மாதிரிக்கென்று அமைத்த அண்ட்ராய்ட் முறைமைக்குள் அவ்விவரங்களைப் புதைத்துவைத்து, பெட்டியை மூடி விற்றுவிடுகிறார்.

முற்காலத்து வால்வு வானொலிப் பெட்டியைப் பழுது பார்த்தவர்களுக்கு இவ்வகைத் தொல்லை இருந்ததில்லை. கொழும்பில் 1925-ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் தொடங்கிய காலம் முதல், இந்நாட்டுக்கு எத்தனையோ வகை வானொலிப் பெட்டிகள் வந்தன. அவற்றுள் பலவற்றின் பின்பலகையைக் கழற்றினால், உட்புறத்தே மின்சுற்றின் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். எந்த வால்வு எங்கே, எத்தனை வோல்ட் எங்கே என்பதெல்லாம் அதில் குறித்திருக்கும். இங்கிலாந்தில் செய்த பெட்டியை கண்டிக் கடைத்தெருவில் இருந்தவர் திருத்திக் கொடுத்தது அந்தத் தாளின் துணையால். பலகைக் கணினியில் அந்தத் தாள் இல்லை. வானொலிப் பெட்டிக்கு வழங்கிய உரிமையைப் பலகைக் கணினிக்கு வழங்க மறுப்பது நியாயந்தானா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

அத்தாளைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு கதை உண்டு. சீனத்தின் ஆல்வின்னர் நிறுவனம் 2011-இல் 'ஏ-10' என்றும், அதனை அடுத்து 'ஏ-13' என்றும் இரு சில்லுகளை வெளியிட்டது. அவற்றைக் கொண்டு பெயர் தெரியாத எத்தனையோ தொழிற்சாலைகள் ஏழு அங்குலத் திரையுடைய மலிவான பலகைக் கணினிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. லினக்ஸின் கருப்பகுதி ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. அதை ஒரு கருவியில் வைத்து விற்பவர், கேட்பவர்க்கு மூலநிரலையும் தரக் கடமைப்பட்டவர். விற்றவர் பலர் அதனைச் செய்யவில்லை. ஆர்வலர் சிலர் பல நாடுகளிலிருந்தும் 'சன்க்ஸி' என்ற பெயரில் ஒன்றுகூடி, அச்சில்லுகளை ஆராயத் தலைப்பட்டனர்.

அவர்களுக்கு எதிர்பாராத நற்பேறு ஒன்று வாய்த்தது. தொழிற்சாலைகள் தம் வசதிக்காக, ஒவ்வொரு மாதிரியின் உறுப்பு விவரங்களையும் ஒரு சிறு கோப்பில் எழுதிக் கருவிக்குள்ளேயே வைத்திருந்தன. தொடுதிரையின் சில்லு எது, அது எந்த இலக்கத்தில் இருக்கிறது, திரைக்கு எவ்வளவு மின்னழுத்தம், எந்த முனையில் எந்தக் கம்பி என்பனவெல்லாம் அதில் இருந்தன. குறியீடாக இருந்த அக்கோப்பை மனிதர் படிக்கத்தக்க எழுத்தாக மாற்றும் கருவிநிரலும் ஆக்கப்பட்டது. வானொலிப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த தாள் இங்கேயும் இருந்தது; எவரும் பின்பலகையைக் கழற்றிப் பார்க்காததே குறை!

மற்றொரு வசதியையும் சொல்ல வேண்டும். இச்சில்லுகள் மின்சாரம் பெற்றவுடன், உள்ளிருக்கும் நினைவகத்தை நாடுமுன், வெளியிலிருந்து செருகும் நினைவட்டையில் முறைமை ஏதேனும் உண்டா என்று பார்க்கும். ஆதலால், புதிய முறைமையை ஓர் அட்டையில் எழுதிச் செருகிப் பார்க்கலாம். அட்டையை எடுத்துவிட்டால் கருவி பழையபடியே எழும். கற்க விரும்பும் ஏழை மாணவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஆய்வுகூடம் கிடைப்பது அரிது. கைத்தொலைபேசிக் குலத்தின் பிற சில்லுகள் பலவற்றில் இவ்வாசல் பூட்டப்பட்டிருக்கும்.

ஆயினும், படத்தை விரைந்து வரைந்து தரும் சில்லு மட்டும் வசப்படவில்லை. பிரித்தானியாவின் ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த 'மாலி-400' அது. அதன் இயக்கி, மூலநிரல் மறைக்கப்பட்ட கட்டியாகவே வந்தது. லூக் வெர்ஹேகன் என்பவர் அதன் பேச்சை ஒட்டுக்கேட்கும் வழியைக் கையாண்டார். மறைக்கப்பட்ட இயக்கிக்கும் சில்லுக்கும் இடையே செல்லும் கட்டளைகளைப் பதிவுசெய்து, இன்ன வடிவம் வரையும்போது இன்ன எண்கள் செல்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து, பொருள் கண்டார். அகராதி இல்லாத மொழியைப் பேசுவோர் பக்கத்தில் அமர்ந்து கற்பது போன்றதே இது. 'லீமா' என்று பெயரிட்ட இம்முயற்சியை 2012 பெப்ரவரியில் பிரசல்ஸ் நகரில் நடந்த ஃபொஸ்டெம் மாநாட்டில் அவர் விளக்கினார். அது இடையில் தளர்ந்தது. பிறர் ஏற்று நடத்தினர். லினக்ஸின் கருப்பகுதியில் லீமா இடம்பெற்றது 2019 ஜூலையில் வெளியான 5.2-ஆம் பதிப்பிலேதான். ஏழாண்டு உழைப்பு! அதற்குள் அச்சில்லைத் தாங்கிய கருவிகளுள் எத்தனை குப்பைமேட்டை அடைந்திருக்கும்!

தொடுதிரையின் கதை வேறு வகையானது. சைலீட் என்னும் சீன நிறுவனத்தின் தொடுசில்லு மலிவான கருவிகள் பலவற்றில் உண்டு. அதனுள் நிலையான நினைவகம் இல்லை. ஒவ்வொரு முறையும் கருவி விழிக்கும்போது, நிலைப்பொருள் என்னும் நிரலை இயக்கி அதற்கு ஊட்டியாக வேண்டும். இல்லையேல் விரல் பட்டதை அது உணராது. அந்நிலைப்பொருளோ கருவிக்குக் கருவி மாறும். ஒரு மாதிரியினுடையதை மற்றொன்றுக்கு ஊட்டினால், இடப்பக்கம் தொட்டதை வலப்பக்கம் என்று கொள்ளும். மேலே தொட்டால் கீழே திறக்கும். லினக்ஸில் இச்சில்லுக்குரிய இயக்கி 2016-இல் சேர்ந்தது. ஹான்ஸ் டி கூடே என்னும் மென்பொருளாளர், பல மாதிரிகளின் நிலைப்பொருள்களைப் பழைய முறைமைகளிலிருந்து பிரித்தெடுத்துத் தொகுத்தார். ஆனால் அவற்றைப் பிறர்க்கு வழங்கும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பது தெளிவில்லை. ஆதலால் அவற்றை லினக்ஸுடன் சேர்த்து வழங்க இயலவில்லை. சில கருவிகளைத் தட்டியெழுப்பும் தொடக்க நினைவகத்திலேயே அந்நிலைப்பொருளின் படி ஒன்று இருப்பது பின்னர் தெரியவந்தது. அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் வழி 2020-இல் லினக்ஸில் அமைக்கப்பட்டது. ஒருவர் சொத்தை மற்றொருவர் கையாளாமல், கருவியின் பொருளைக் கருவிக்கே கொடுக்கும் இத்தீர்வு நேர்மையும் நுட்பமும் உடையது.

இன்டெல் நிறுவனத்தின் சில்லுடைய பலகைக் கணினிகளில் தொல்லை குறைவு என்று கருதுவோர் உண்டு. 2013-இல் வந்த பே டிரெயில் வகைச் சில்லு 64 பிட் ஆற்றலுடையதாயினும், அதனைக் கொண்ட பல கருவிகளில் தொடக்க நிரல் 32 பிட்டாக அமைந்துவிட்டது. வீடு பெரிது, வாசல் சிறிது. சாதாரண லினக்ஸ் வட்டுகள் அவ்வாசலில் நுழையவே இல்லை. அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டியிருந்தது.

இவ்வாறு மாதிரிக்கு மாதிரி தனிவழி தேடுவது எந்நாளும் முடியாத வேலை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஆர்ம் வகைக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் குவிவதை 2011-இல் கடுஞ்சொற்களால் கண்டித்தார். அதன்பின் 'சாதன மரம்' என்னும் முறை ஆர்ம் உலகில் வேரூன்றியது. உறுப்பு விவரங்களை நிரலினின்றும் பிரித்து, மரத்தின் கிளைகள் போல் ஒழுங்குபடுத்தித் தனிக் கோப்பில் எழுதுவதே அம்முறை. இயக்கி ஏற்கெனவே இருக்குமாயின், புதிய கருவிக்கு அந்த மரத்தை எழுதினாலே பெரும்பகுதி முடிந்துவிடும். ஆசுஸ் நிறுவனம் செய்து கூகிள் விற்ற 2012-ஆம் ஆண்டின் நெக்ஸஸ்-7 பலகைக் கணினிக்கு நிறுவனத்தின் ஆதரவு 2015-இல் நின்றது. அதற்குரிய சாதன மரம் தன்னார்வலர் முயற்சியால் 2020-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. உரியவர் கைவிட்டு ஐந்தாண்டு கழித்து அந்த யானைக்குப் புதிய பாகன் கிடைத்தான். இத்தகைய கருவிகளைப் பத்தாண்டேனும் வாழவைப்பதை நோக்கமாகக் கொண்டு, ஜெர்மனியின் ஆலிவர் ஸ்மித் 2017-இல் 'போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்.' என்னும் முறைமையைத் தொடங்கினார். அதே ஆண்டில் கூகிளும் அண்ட்ராய்டின் எட்டாம் பதிப்பில், உறுப்புகளுக்குரிய பகுதியையும் முறைமைக்குரிய பகுதியையும் பிரித்துவைத்தது. அதற்குப் பின் வந்த கருவிகளில், பழைய பாகர்களை வைத்துக்கொண்டே மேலுள்ள முறைமையை மாற்றுவது ஓரளவு கைகூடுகிறது. பாகர்கள் முதுமையடைவதை மட்டும் அது தடுப்பதில்லை.

இனி, ஆல்வின்னர் சில்லுடைய பழைய பலகைக் கணினி ஒன்று ஹந்தானைச் சாரலில் ஒரு மாணவியின் வீட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை எழுப்ப விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? பின்மூடியில் அச்சிட்டிருக்கும் வணிகப் பெயரை நம்பலாகாது. ஒரே பெயரில் மூன்று வகை உட்பலகைகள் விற்கப்படுவதுண்டு. மூடியைத் திறந்து, உட்பலகையில் பொறித்த எழுத்தையும், சில்லுகளின் மேலுள்ள எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய முறைமை உயிருடன் இருக்கும்போதே அதிலிருந்து விவரக் கோப்பையும் நிலைப்பொருளையும் பிரதி எடுத்துவைப்பது இன்றியமையாதது. பலர் அவசரத்தில் அதை அழித்துவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர். அதன்பின் நினைவட்டையில் புதிய முறைமையை எழுதிச் செருகலாம்.

மின்சாரத்தில் மட்டும் துணிச்சல் கூடாது. ஏ-10 கருவிகள் பலவற்றில் மின்னழுத்தங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது 'ஏ.எக்ஸ்.பி.-209' என்னும் சில்லு. சாதன மரத்தில் அதற்குத் தவறான எண்ணை எழுதிவிட்டால், மற்ற உறுப்புகள் தாங்காத அழுத்தம் அவற்றுக்குச் செல்லக்கூடும். யாரோ எங்கோ வைத்த கோப்பைப் பெயர் ஒத்திருக்கிறதென்று எடுத்து ஏற்றுவது, பெயர் தெரியாத மருந்தை நிறம் ஒத்திருக்கிறதென்று உண்பதை ஒக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை ஹந்தானையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கு பயிலும் மாணவர்கள் விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் இவ்வேலையைக் கற்பிக்க முன்வந்தால், தேர்வுத் தாளில் எழுதும் விடையினும் அது பயன் தரும். இயக்கி எழுதுவோர் இந்நாட்டில் மிகுதியாக வேண்டும். செயலி எழுதுவோர் போதிய அளவு இருக்கின்றனர்.

தமிழ் எழுத்துத் திரையில் சரியாக வருமா என்று சிலர் ஐயுறுவர். அது ஒரு காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது உண்மையே. இன்றைய லினக்ஸ் முறைமைகளில் கொம்பும் காலும் உரிய இடத்திலேயே நிற்கின்றன.

அம்மாணவி முயன்றால், உறுப்புகள் ஒரே நாளில் எழுவதில்லை. முதலில் திரை ஒளிரும். தொடக்க நிரல் ஏற்றி வைத்த ஒளியை லினக்ஸ் அப்படியே ஏற்றுக்கொள்வதால், உரிய இயக்கி இல்லாமலும் எழுத்துத் தெரியும். அடுத்து மின்கலத்தின் அளவு தெரியவரும். நிலைப்பொருளைச் சரியாக ஊட்டிய அன்று விரலுக்குத் திரை மறுமொழி சொல்லும். வைஃபை சில நாள் அலைக்கழிக்கும். பிறகு அதுவும் வழிக்கு வரும். கடைசிவரை பிடிவாதமாக இருப்பது கமராதான். படமெடுக்கும் சில்லின் நிறங்களைச் செம்மைப்படுத்தும் விவரங்களை உற்பத்தியாளர்கள் எளிதில் வெளியிடுவதில்லை. ஆதலால் பல கருவிகளில் அது இன்றுவரை இயங்கவில்லை. ஈ-தக்சலாவத் தளத்தில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தைத் திறந்து படிப்பதற்குக் கமரா தேவைப்படுவதில்லை.